மருந்தைக் குறைக்கக் கேட்பவனுக்குத் துணை யார்?

அமெரிக்காவில் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் காலையில் ஒரு சிறு கோப்பை மருந்தைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். வேறு பலர் நாக்கின் அடியில் ஒரு மாத்திரையை வைத்துக் கரைத்துக்கொண்டு போகிறார்கள். கோப்பையில் இருப்பது மெதடோன். நாக்கின் அடியில் கரைவது புப்ரெனார்பின். அபின் வகைப் போதையில் சிக்கியவர்களை அதிலிருந்து மீட்பதற்குக் கொடுக்கப்படும் மருந்துகள் இவை. இப்படி மருந்து குடிக்கும் ஒருவன் ஒருநாள் டாக்டரிடம் போகிறான். "ஐந்து வருஷமாகக் குடிக்கிறேன். உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடலாமென்று நினைக்கிறேன். எனக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் கிடைக்கிறது?

அமெரிக்காக்காரன் மருந்து குடித்தால் நமக்கென்ன என்று ஆலை வாசலில் சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பஞ்சாபின் கோதுமை வயல்களில் இருக்கிறது. அங்கே பிறகு வருவோம். முதலில், இந்த மனிதன் எப்படி அந்த மருந்துக் கோப்பையின் முன்னால் வந்து நின்றான் என்பதைப் பார்ப்போம்.

வலி மாத்திரையில் தொடங்கியது

மேற்கு வெர்ஜீனியாவிலும் கெண்டக்கியிலும் நிலக்கரி வெட்டுகிறவனுக்கு இடுப்பு வலி புதிதல்ல. குனிந்து குனிந்து வெட்டி, முப்பது வயதிலேயே முதுகு தேய்ந்து போகிறவர்கள் உண்டு. படுத்து ஓய்வெடுத்தால் கூலி போச்சு. ஆகவே வலி மாத்திரை. 1996-ம் வருஷம் பர்டியூ பார்மா என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. அபினின் வம்சத்தில் வந்த மாத்திரை. "இதைச் சாப்பிட்டால் அடிமையாகும் ஆபத்து குறைவு" என்று கம்பெனியின் விற்பனையாளர்கள் ஊர் ஊராகப் போய் டாக்டர்களிடம் பிரசாரம் செய்தார்கள். 2007-ல் அந்தக் கம்பெனி தவறான பிரசாரம் செய்ததாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அபராதம் கட்டியது, வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தியது. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனிக்குச் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தாரில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. தெருமுனையில் ஒரு பொட்டலம் விற்ற ஏழைப் பையன்கள் போனார்கள்.

மாத்திரை கிடைப்பது கடினமானபோது ஹெராயின் வந்தது. அதற்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு கொடிய பென்டானில் வந்தது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும் வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்கு மேல் போதைப் பொருளின் அளவு மிஞ்சி அமெரிக்காவில் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது அபின் வகை. 2024-ல் இந்த எண்ணிக்கை சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தது. குறைந்தது என்று மூச்சு விடுகிற எண்ணிக்கையா இது!

இந்தச் சாவிலிருந்து மனிதர்களைத் தடுத்து நிறுத்தியது எது? மெதடோனும் புப்ரெனார்பினும்தான். 1964-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் வின்சென்ட் டோலும் டாக்டர் மாரி நைஸ்வாண்டரும், மெதடோனை அளவோடு தினம் ஒருமுறை கொடுத்தால் ஹெராயின் வெறி அடங்குகிறது, மனிதன் தலைநிமிர்ந்து வேலைக்குப் போகிறான் என்று கண்டார்கள். ஹெராயினின் பிடி சில மணி நேரத்தில் விட்டுவிடும். உடனே நடுக்கம், வாந்தி, எலும்பை முறிப்பது போன்ற வலி. மெதடோன் ஒரு நாள் முழுதும் தாங்கும். சரியான அளவில் குடிக்கிறவனுக்கு மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களிடையே சாவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். இந்த மருந்தைக் குடிக்கிறவனைப் "போதைக்காரன்" என்று ஏசுகிறவர்களோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயுள் முழுதும் குடித்தாலும் அது அவமானமல்ல. இரத்த அழுத்தத்துக்கு ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிடுகிறவனை யார் ஏசுகிறார்கள்? தொடர்ந்து குடிக்க விரும்புகிறவன் குடிக்கட்டும். அவனைப் பற்றி இங்கே வாதமில்லை. குறைக்க விரும்புகிறவனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

திரவத்தில் செய்த விலங்கு

அமெரிக்கச் சட்டப்படி, இந்த நோய்க்கான மெதடோனைச் சாதாரண மருந்துக் கடையில் வாங்க முடியாது. அதற்கென்று லைசென்ஸ் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வரிசையில் நின்று, நர்ஸின் கண் முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. 2020-க்கு முன்பு, ஒரு மாத மருந்தை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இரண்டு வருஷம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும் என்பது விதி. காலை ஷிப்டுக்குப் போகிறவன் என்ன செய்வான்? விடியுமுன் எழுந்து, பல மைல் போய், குடித்துவிட்டு, மூச்சிரைக்க ஆலைக்கு ஓடுவான். ஒருநாள் தாமதமானால் மேஸ்திரியின் வசவு. இதைத்தான் அங்குள்ள நோயாளிகள் திரவத்தில் செய்த கைவிலங்கு என்கிறார்கள். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், வேறு வழியில்லாமல் விதியைத் தளர்த்தினார்கள். நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. 2024-ல் அந்தத் தளர்வு நிரந்தரமாயிற்று. ஆனால் எத்தனை நாள் மருந்து கொடுப்பது என்பது இன்றும் நிலையத்தின் இஷ்டம், மாகாணத்தின் இஷ்டம்.

இந்த நிலையங்களில் பாதிக்கு மேல் லாபத்துக்காக நடப்பவை. நோயாளி வந்தால் பணம், வராவிட்டால் பணம் இல்லை. அங்கே வேலை செய்யும் நர்ஸுகளையும் ஆலோசகர்களையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களில் நல்லவர்கள் ஏராளம், அவர்களும் கூலிக்கு உழைப்பவர்களே. ஆனால் கல்லாவுக்குச் சொந்தக்காரன், ஒருவன் வராமல் போவதற்கு எதற்காக உதவப் போகிறான்? "குறைக்கிறேன்" என்று கேட்கிறவனிடம் "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது சுலபம். சில சமயம் அது சரியான மருத்துவ ஆலோசனையாகவும் இருக்கும். ஆனால் எது ஆலோசனை, எது வியாபாரம் என்று நோயாளி எப்படிக் கண்டுபிடிப்பான்? லாபம் உள்ளே புகுந்தால் நல்ல வார்த்தையையும் நம்ப முடியாமல் போகிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பாருங்கள். "மருந்தை நிறுத்து, உடனே நிறுத்து" என்று விரட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மருந்து குடிக்கிறவனுக்கு இடமில்லை என்று கதவடைக்கும் மறுவாழ்வு விடுதிகள், வேலை தர மறுக்கும் முதலாளிகள், மருந்தை நிறுத்தினால்தான் விடுதலை என்று கட்டளையிடும் நீதிபதிகள். பென்சில்வேனியா கோர்ட்டுகள் இப்படி நடந்துகொண்டதாக 2022-ல் அமெரிக்க மத்திய சர்க்காரின் நீதி இலாகாவே வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் குடிப்பதற்காக ஒருவனை வேலையிலிருந்து ஒதுக்குவது சட்ட விரோதம் என்று அதே வருஷம் அந்த இலாகா அறிவிக்கவும் வேண்டியிருந்தது.

ஆக, ஒருவன் பிடித்து வைத்துக்கொள்கிறான், இன்னொருவன் பிடித்துத் தள்ளுகிறான். "உனக்கு எது வேண்டும், எந்த வேகத்தில் வேண்டும்?" என்று உழைப்பாளியைக் கேட்க ஆளில்லை.

லிங்கன் ஆஸ்பத்திரி

கேட்ட ஆட்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதி, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் கறுப்பு இன மக்களும் வாழும் ஏழைப் பேட்டை. வீட்டுக்கு வீடு ஹெராயின் புகுந்திருந்தது. அங்கிருந்த லிங்கன் ஆஸ்பத்திரியோ பாழடைந்த கட்டிடம். 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் என்ற அமைப்பின் இளைஞர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து அதைக் கைப்பற்றி, சரியான வைத்தியம் கேட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் அவர்களும், ஆஸ்பத்திரித் தொழிலாளர்களும், பேட்டை ஜனங்களும் சேர்ந்து கட்டிடத்தின் ஒரு பகுதியில் உட்கார்ந்து போதைச் சிகிச்சையைத் தாங்களே தொடங்கிவிட்டார்கள். லிங்கன் டீடாக்ஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. நேற்றுவரை ஹெராயின் ஊசி குத்திக்கொண்டிருந்தவர்கள் இன்று வருகிறவனுக்குத் துணையாக உட்கார்ந்தார்கள். மெதடோனைக் கொடுத்து, சில நாட்களுக்குள் அளவைக் குறைத்து நிறுத்தினார்கள். "இந்தப் பேட்டைக்கு இவ்வளவு ஹெராயின் எப்படி வந்தது?" என்று வகுப்பு நடத்தினார்கள். பின்னால் மெதடோனையே ஒதுக்கிவிட்டு, காதில் ஊசி குத்தும் சீன வைத்தியத்தைக் கற்றுக் கையாண்டார்கள். 1978-ல் நகர சர்க்கார் போலீசை அனுப்பி அவர்களை வெளியேற்றியது.

அவர்களுடைய துணிச்சலுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். மருந்தும் சில கைகளில் விலங்காகும் என்று அவர்கள் கண்டது உண்மை. கைதூக்கிவிட ஆள் வேண்டும் என்று கண்டது அதைவிடப் பெரிய உண்மை. ஆனால் அவர்கள் சென்ற வேகம் சரியல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். ஏனென்றால் இது உயிர் விஷயம்.

ஸ்வீடனில் 40 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2003-ல் வெளிவந்தது. 20 பேருக்கு ஒரு வருஷம் புப்ரெனார்பின் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு, மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஆலோசனை எல்லோருக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. வருஷ முடிவில் முதல் கூட்டத்தில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. நான்கு பேர் செத்துப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு அடிமையான 653 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2011-ல் வந்தது. மருந்தைச் சில வாரங்களில் குறைத்து நிறுத்தியபோது 100-க்கு 7 பேர்தான் தேறினார்கள். தேறாதவர்களுக்கு 12 வாரம் மருந்து கொடுத்தபோது பாதிப் பேர் நன்றாக இருந்தார்கள். அதை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 100-க்கு 9 பேர்தான் நிலைத்து நின்றார்கள்.

ஏன் சாகிறார்கள்? மருந்தைக் குறைக்கக் குறைய, உடம்பு அபினைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. போன வருஷம் தாங்கிய அளவை இன்று எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாகாணத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்தக் கணக்குப்படி, முதல் இரண்டு வாரத்தில் அளவு மிஞ்சிச் சாகும் ஆபத்து அவர்களுக்கு மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு. சிறையில் சும்மா இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மெதுவாக, ஆனால் துணையோடு

"அப்படியானால் யாருமே குறைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மெதடோனைக் குறைக்க முயன்ற ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 13 முயற்சிதான் வெற்றி பெற்றது. ஆனால் யாருக்கு வெற்றி என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குள் அவசரமாகக் குறைத்தவர்களைவிட, ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, இடையிடையே நிறுத்தி நிதானித்து இறங்கியவர்களுக்கு வெற்றி பல மடங்கு அதிகம். மதகைத் திடீரென்று அடைத்தால் வாய்க்கால் கரை உடையும் என்பது நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாத விஷயமா?

குறைக்கும் கணக்கும் கவனிக்க வேண்டியது. 100 மில்லிகிராம் குடிக்கிறவனுக்கு 5 மில்லிகிராம் குறைத்தால் இருபதில் ஒரு பங்குதான் போகிறது. உடம்பு கவனிக்காமலேகூட விட்டுவிடும். அதே 5 மில்லிகிராமை, 10 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டவனிடம் குறைத்தால் பாதி போய்விடுகிறது. தூக்கம் வராது, கால் உதறும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், மனம் சோர்ந்துவிடும். ஆகவே கீழே இறங்க இறங்கப் படி சிறிதாக வேண்டும். மேல்படியில் ஓடி வந்தவன் கீழ்ப்படியில்தான் கால் தவறுகிறான். இரண்டு படி இறங்கி, ஒரு மாதம் அங்கேயே நிற்கலாம். முடியாவிட்டால் ஒரு படி மேலே ஏறலாம். அது தோல்வியல்ல.

துணை என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தட்டிக்கொடுத்துப் பேசுவது மட்டும் துணையாகாது. மாதா மாதம் பார்க்கும் ஒரே டாக்டர் வேண்டும். தூக்கமின்மைக்கும் நடுக்கத்துக்கும் வேறு மருந்து வேண்டும், அது இருக்கிறது. கஷ்டமான வாரத்தில் கூலி வெட்டாமல் இரண்டு நாள் லீவு வேண்டும். இதே பாதையில் போய் வந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அளவு மிஞ்சினால் மூச்சைத் திருப்பித் தரும் நலாக்சோன் மருந்து வீட்டில் இருக்க வேண்டும், அதை மூக்கில் அடிக்கவோ ஊசி போடவோ மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சறுக்கினால் மறுநாளே திரும்பி வரக் கதவு திறந்திருக்க வேண்டும். "நீதானே வேண்டாமென்று போனாய், போய்ப் புதிதாகப் பேர் பதிந்துகொண்டு வா" என்று காக்க வைத்தால், அந்தக் காத்திருக்கும் நாட்களில்தான் சாவு வருகிறது. வேலை போகும் சமயத்திலும், வீடு காலி செய்யும் சமயத்திலும் குறைக்கத் தொடங்கக் கூடாது. யாரும் டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது.

பஞ்சாபில்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100-க்கு 2 பேர் அபின் வகைப் பொருளை உபயோகிக்கிறார்கள். அவர்களில் சுமார் 60 லட்சம் பேருக்குச் சிகிச்சை உதவி தேவை. பஞ்சாபில் அறுவடைக் காலத்தில் வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று, கூலியாளுக்குப் பண்ணையாரே அபினும், புக்கி என்கிற கசகசாக் காய்த்தோட்டின் பொடியும் கொடுத்து வந்த வழக்கம் ஊரறிந்தது. வலி தெரியாமல் வெயிலில் வேலை நடந்தது. அறுவடை முடிந்தது, கோதுமை பண்ணையார் வீட்டுக்குப் போயிற்று, பழக்கம் கூலியாளோடு தங்கிவிட்டது. மேற்கு வெர்ஜீனியாவின் சுரங்கமும் பஞ்சாபின் வயலும் எவ்வளவு தூரம்! ஆனால் உழைக்கிறவன் உடம்பில் வலியை மறைத்து வேலை வாங்கிய கதை ஒன்றுதான்.

பஞ்சாப் சர்க்கார் 2017 அக்டோபரில், புப்ரெனார்பினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையைக் கொடுக்கும் வெளிநோயாளி நிலையங்களைத் தொடங்கியது. நல்ல காரியம். அதனால் உயிர் தப்பியவர்கள் ஏராளம். அந்த நிலையங்களை மூடு என்று யாராவது கூச்சலிட்டால் அதை எதிர்ப்போம். ஆனால் மாத்திரை கொடுப்பதோடு நிலையத்தின் கடமை முடிந்துவிடாது. அன்றாடக் கூலிக்காரன் மாத்திரைக்காகக் காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகிறது. ஆகவே வேலை முடிந்த பிறகு, மாலையிலும் நிலையம் திறந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டுத் தேறியவன் குறைக்க வேண்டுமென்று கேட்டால், அவனுக்கென்று நேரம் ஒதுக்கும் டாக்டரும் ஆலோசகரும் வேண்டும். தனியார் நிலையத்தில் விலை கொடுத்து வாங்குகிறவனுக்கும், குறைக்கும் காலத்தில் சர்க்கார் நிலையத்தின் கதவு திறக்க வேண்டும். கோதுமை அறுவடையின் உச்சத்தில் குறைக்கத் தொடங்காதே என்று அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டும். பஞ்சாபுக்கு வேலைக்கு வந்த பீகார் கூலியாள் ஊர் திரும்பும்போது, அங்குள்ள ஆஸ்பத்திரியில் தொடர்ந்து மருந்து கிடைக்கச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரயிலில் ஏறிய மறுநாளே அவனுக்குக் கட்டாயமாக மருந்து நின்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், பார்வைக்குத்தான் சின்னது. நம் நாட்டில் இந்த மருந்து 2 மில்லிகிராம் மாத்திரையாகவும் வருகிறது, 0.4 மில்லிகிராம் மாத்திரையாகவும் வருகிறது. கடைசிப் படிகளில் இறங்குகிறவனுக்கு வேண்டியது அந்தச் சின்ன மாத்திரைதான். அது ஜன்னலில் இல்லையென்றால், 2 மில்லிகிராம் மாத்திரையைக் கத்தியால் நறுக்கி, பொடிந்ததைப் பொறுக்கி, இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாமல் அவன் திண்டாடுவான். சிகிச்சை நிலையம் உள்ள ஊர்களில் இருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள், அந்த 0.4 மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று இந்த மாதமே போய்க் கேட்கட்டும். இல்லையென்று சொன்னால், எப்போது வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும்.